சிரிப்பொலி எழுந்த இடத்தில் நிறுத்துங்கள்: ஆங்கில நகைச்சுவைத் தொடர்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் நன்றாகவே தெரிந்த ஒருவர் ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்க்க உட்காருகிறார். திரையின் அடியில் ஓடும் வசன வரிகளில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அரங்கத்தில் இருப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் எளியது: நகைச்சுவையின் ஒரு பாதிதான் வசனத்தில் இருக்கிறது, மறுபாதியைக் கேட்பவர் தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பிறந்து வளர்ந்தவரிடம் அந்த மறுபாதி சிறுவயது முதலே கைவசம் இருக்கிறது. நாம் அதைத் தேடித்தான் பெற வேண்டும். ஆகவே ஒரு வசனம் புரியாதபோது அதிலுள்ள சொற்களுக்கு அகராதியில் பொருள் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த வசனம் பேசப்படுவதற்கு முன்பே அங்கிருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்கப் பழக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைச் சில நல்ல தொடர்களிலிருந்து எடுத்த காட்சிகளைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

பார்க்கத் தொடங்குமுன்

முதலில், பார்வையாளர்களின் சிரிப்பொலி கேட்கும் தொடரைத் தேர்ந்தெடுங்கள். அரங்கத்தில் மக்கள் முன்னிலையில் படமாக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ், அமெரிக்கத் தொடர்களில் அந்தச் சிரிப்பு நமக்கு ஒரு கைகாட்டி மரம்போல உதவும். எந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் சிரிப்பு எழுந்ததோ, அந்தச் சொல்லில்தான் முடிச்சு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துவிடும். 2001இல் வெளிவந்த பிரிட்டிஷ் தொடரான ‘தி ஆபீஸ்’ போன்றவற்றில் இந்த ஒலி கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும் என்பதையே பார்ப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். அத்தகைய தொடர்களை ஓராண்டுப் பழக்கத்திற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, வசன வரிகளை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு மொழியில் மொழிபெயர்த்துத் தரப்படும் வரிகள், நகைச்சுவையை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் தரும் இடங்கள் மிகுதி. மூன்றாவதாக, அந்தத் தொடர் எந்த ஆண்டில் ஒளிபரப்பானது, எந்த ஊரில் நடப்பதாகக் காட்டப்படுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும் என்பதைக் கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பலவற்றில் காணலாம்.

ஓர் அத்தியாயத்தை முதல் முறை எங்கும் நிறுத்தாமல் முழுவதும் பாருங்கள். அடிக்கடி நிறுத்தினால் கதையின் வேகம் கெட்டு, புரிந்த நகைச்சுவைக்கும் சிரிப்பு வராமல் போய்விடும். சிரிப்பொலி எழுந்தும் நமக்குச் சிரிப்பு வராத இடங்களின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த இடங்களுக்குச் செல்லுங்கள். இருபத்தைந்து நிமிட அத்தியாயம் ஒன்றில் ஐந்தாறு இடங்களை ஆராய்ந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்க்க முனைய வேண்டாம்.

காதால் மட்டுமே பிடிபடுபவை

பிபிசியில் வந்த ‘தி டூ ரானீஸ்’ நிகழ்ச்சியில், 1976ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு குறுநாடகத்தை இன்றும் பிரிட்டனில் நினைவுகூர்கிறார்கள். ஒரு ஹார்டுவேர் கடை. வாடிக்கையாளராக ரானி பார்க்கர் வருகிறார். கடைக்காரர் ரானி கார்பெட். வாடிக்கையாளர் ‘ஃபோர் கேண்டில்ஸ்’ என்று கேட்கிறார். கடைக்காரர் நான்கு மெழுகுவர்த்திகளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ‘இல்லை, ஃபோர் கேண்டில்ஸ்’ என்கிறார் வந்தவர். அவருக்கு வேண்டியவை தோட்டத்து மண்ணைக் கிளறும் கவைக்கோலுக்கான கைப்பிடிகள், அதாவது ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’. லண்டனிலும் தென் இங்கிலாந்திலும் உழைக்கும் மக்களின் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகர ஒலி விழுந்துவிடும். ‘ஹேண்டில்ஸ்’ என்பது ‘ஏண்டில்ஸ்’ ஆகி, முன்சொல்லின் ஈற்றில் நின்ற ககர மெய் அந்த உயிரின்மேல் ஏறிக்கொள்ள, ‘ஃபோர் கேண்டில்ஸ்’ பிறக்கிறது. நிலைமொழி ஈற்று மெய்யோடு வருமொழி முதல் உயிர் சேர்வதைப் பள்ளியில் புணர்ச்சி இலக்கணமாகப் படித்த நமக்கு, இதன் இயக்கம் இங்கிலாந்துக்காரரைவிடத் தெளிவாகவே விளங்கும்.

இந்தக் குறுநாடகத்தை வசன வரிகளுடன் பார்ப்பவருக்குப் பெரும் இழப்பு ஒன்று நேர்கிறது. வரிகளை எழுதுபவர் ‘நான்கு மெழுகுவர்த்திகள்’ என்றோ ‘கவைக்கோல் கைப்பிடிகள்’ என்றோ ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். எழுதிய கணமே இரட்டைப் பொருள் போய்விடுகிறது. சிலேடையின் இயல்பே இதுதான். ‘நஞ்சிருக்கும்’ என்று காளமேகப் புலவர் பாடும்போது பாம்பின் நஞ்சும், நைந்து கனிந்த வாழைப்பழமும் ஒருங்கே நம் காதில் விழ வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிக் காட்டினால் பாட்டு செத்துவிடும். எனவே சொற்கள் சாதாரணமாக இருந்தும் சிரிப்பு பலமாக எழுந்தால், வசன வரிகளை அணைத்துவிட்டு அந்த வரியை மட்டும் மூன்று முறை கேளுங்கள். பின்னர் நீங்களே உரக்கச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத இரண்டாவது சொல் பெரும்பாலும் வாய்க்கு வந்துவிடும்.

1975இல் தொடங்கிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்திலும் இத்தகைய வரி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் பேசில், பார்சிலோனாவிலிருந்து வந்து ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் பரிமாறும் மானுவலிடம், ‘அந்தத் தட்டங்களில் வெண்ணெய் அதிகம்’ என்கிறார். ஆங்கிலத்தில் அதன் கடைசிச் சொற்கள் ‘ஆன் தோஸ் ட்ரேஸ்’. மானுவலுக்கோ, முதலாளி ஸ்பானிய மொழியில் ஒன்று இரண்டு மூன்று எண்ண முயன்று தவறாகச் சொல்வதாகப் படுகிறது. ‘ஊனோ, தோஸ், த்ரேஸ்’ என்று பணிவோடு திருத்துகிறார். ஸ்பானிய எண்களில் முதல் மூன்று தெரியாதவருக்கு இந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை; தெரிந்தவருக்கு அது பணியாள் முதலாளிக்குப் பாடம் நடத்தும் காட்சி.

மரபுத்தொடரை உடைத்துப் பேசுதல்

மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது நகைச்சுவைத் தொடர்களுக்கு அவ்வளவாக உதவாது. ஏனென்றால் எழுத்தாளர்கள் மரபுத்தொடரை அப்படியே பயன்படுத்துவது குறைவு. பெரும்பாலும் அதைச் சிதைத்தோ, நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டோ, பாதியில் நிறுத்தியோதான் சிரிப்பை வரவழைக்கிறார்கள். ஆகவே முதல் வேலை, சிதைவதற்கு முன் அந்தத் தொடர் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பது.

நண்பர்கள் சிலரின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொடரான ‘ஃப்ரெண்ட்ஸ்’இல் ஜோயி என்பவன் சொல்லும் ‘மூ பாயிண்ட்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது ஒரு பசுவின் கருத்தைப் போன்றது, யாருக்கும் பொருட்டில்லை, அதனால்தான் அது ‘மூ’ என்று அவன் விளக்கம் வேறு தருகிறான். சரியான தொடர் ‘மூட் பாயிண்ட்’. சட்டத் துறையிலிருந்து வந்தது. இனிப் பேசிப் பயனில்லாத விஷயம் என்பது அமெரிக்க வழக்கில் அதன் பொருள். ஜோயி அதைத் தவறாகக் கேட்டுத் தவறாகவே பொருள்கொண்டிருக்கிறான். ஆனால் அவன் வந்து சேர்ந்த பொருள் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ரேச்சல், இவனோடு நெடுநாள் வாழ்ந்துவிட்டதால்தான் இது எனக்குப் புரிகிறதோ என்று வியப்பதில்தான் காட்சி நிறைவடைகிறது. தமிழருக்கு இதில் இன்னொரு தடையும் உண்டு. நம் பசு ‘அம்மா’ என்று கத்தும். ஆங்கிலப் பசு ‘மூ’ என்று கத்தும். இவ்வளவு சிறிய செய்தி தெரியாவிட்டால்கூட ஒரு காட்சியே நழுவிவிடுகிறது.

மூலத் தொடரைத் தேட, கேட்ட சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, ‘மீனிங்’ அல்லது ‘ஆரிஜின்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவை மொழி கற்பவர்களுக்கென்று வெளியிடும் அகராதிகள் இங்கே பெரிதும் கைகொடுக்கும். ஒரு தொடர் பிரிட்டிஷ் வழக்கா அமெரிக்க வழக்கா, பழமைப்பட்டதா, வேடிக்கையாகச் சொல்லப்படுவதா, இழிவான தொனி உடையதா என்பதையெல்லாம் அவை குறித்துக் காட்டுகின்றன. பொருளைவிட அந்தக் குறிப்புதான் பல சமயம் நகைச்சுவையைத் திறந்துவிடுகிறது. ஓர் இளைஞன் பாட்டி காலத்துத் தொடரைப் பேசினால், அந்தப் பழமையே அங்கே வேடிக்கை.

லண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்த காக்னி எதுகை வழக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் விதி எளிது. ஆனால் விதி தெரியாவிட்டால் எந்த அகராதியும் வழிகாட்டாது. சொல்ல விரும்பும் சொல்லுக்கு எதுகையாக முடியும் ஓர் இணைத்தொடரை எடுத்துக்கொண்டு, பிறகு எதுகை அமைந்த பகுதியையே விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் சொல்வார்கள். ‘லுக்’ என்பதற்கு எதுகை ‘பட்சர்ஸ் ஹூக்’, அதாவது கசாப்புக்காரரின் கொக்கி. கொக்கியை விட்டுவிட்டால் மிஞ்சுவது ‘பட்சர்ஸ்’. எனவே ‘பட்சர்ஸ் ஒன்று எடு’ என்ற பொருளில் ஒருவர் பேசினால், ‘ஒரு பார்வை பார்’ என்று கொள்ள வேண்டும். குழம்பு உணவைக் குறிக்கும் ‘கறி’ என்ற சொல்லுக்கு அவர்கள் சொல்வது ‘ரூபி’. ரூபி மரி என்பவர் வட அயர்லாந்துப் பாடகி. 1955ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாடல்கள் பிரிட்டனின் முதல் இருபது பாடல்களுள் இடம்பெற்றிருந்தன. அவருடைய பெயரின் பிற்பாதி கறிக்கு எதுகையானது. பிற்பாதி விழுந்துபோய் ரூபி மட்டும் நின்றது. கறி என்பது நம் மொழியின் சொல்லோடு உறவுடையது என்று கருதப்படுவதால், அது ஒரு பாடகியின் பெயராக மாறி லண்டன் தெருவில் நடமாடுவதைக் காண எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

1981இல் தொடங்கிய ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ தொடரைப் பார்ப்பவர்களுக்கு இந்த வழக்கு அடிக்கடி தேவைப்படும். அதன் நாயகன் டெல், தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் தெருவில் சரக்கு விற்பவன். தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ளப் பொருளறியாமல் பிரெஞ்சுச் சொற்களை அள்ளி வீசுவான். அவற்றுள் ஒன்று ‘மாஞ்ஜ் டூ’. பிரிட்டிஷ் காய்கறிக் கடைகளில் தோலோடு உண்ணும் ஒருவகைப் பட்டாணிக்கு அந்தப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அவனுடைய பிரெஞ்சு அறிவு கடைப் பலகையைத் தாண்டவில்லை என்பதைப் பார்ப்பவர் உடனே உணர்ந்து, அவன்மேல் பரிவோடு சிரிக்கிறார்.

உணவும் பத்திரிகையும் பட்டமும்

மரபுத்தொடரைவிடக் கடினமானவை பெயர்கள். ஓர் உணவின் பெயர், செய்தித்தாளின் பெயர், பள்ளியின் பெயர் ஆகியவை தமக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறையையே தூக்கிக்கொண்டு வருகின்றன. அகராதியோ அவற்றை ஒரு வரியில் முடித்துவிடும்.

1979இல் வந்த அத்தியாயம் ஒன்றில் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ விடுதிக்கு அமெரிக்கர் ஒருவர் வந்து வால்டார்ஃப் சாலட் கேட்கிறார். ‘வால்டார்ஃப் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்’ என்று பதில் தருகிறார் பேசில். நான் முதன்முதலில் பார்த்தபோது வால்டார்ஃப் என்பது ஏதோ ஒரு பறவையின் அல்லது மீனின் பெயராக இருக்கும் என்று கொண்டு, பதிலில் வேடிக்கை எங்கே என்று தேடினேன். உண்மையில் வால்டார்ஃப் என்பது நியூயார்க்கின் புகழ்பெற்ற ஹோட்டலின் பெயர். ஆப்பிள், செலரி, வால்நட் முதலியவற்றை மயோனைஸில் கலந்து செய்யும் அந்த உணவு அந்த ஹோட்டலில் பிறந்தது. பேசிலும் என்னைப் போலவே அதை ஒரு பொருளின் பெயராக எண்ணிவிட்டார். ஆனால் அவர் விடுதி உரிமையாளர். தெரியாது என்று சொல்லமாட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சமாளிப்பதும், அந்தச் சமாளிப்பு மேலும் மேலும் சிக்குவதும்தான் பன்னிரண்டே அத்தியாயங்கள் கொண்ட அந்தத் தொடரின் உயிர்நாடி. அதே அமெரிக்கர் ‘ஸ்க்ரூடிரைவர்’ கேட்கும்போதும் பேசிலுக்குத் திருப்புளிதான் நினைவுக்கு வருகிறது. வந்தவர் கேட்டது வோட்காவும் ஆரஞ்சுச் சாறும் கலந்த பானம். ஆகவே ஒரு பெயர் தெரியாதபோது, அது நமக்கு மட்டும்தான் தெரியவில்லையா, காட்சியில் இருப்பவருக்கும் தெரியவில்லையா என்று பாருங்கள். இரண்டாவது வகையாக இருந்தால், நம் அறியாமையே நம்மைக் காட்சிக்குள் அழைத்துச் செல்லும் வாயில் ஆகிவிடுகிறது.

1975இல் வந்த இன்னோர் அத்தியாயத்தில் தலையில் அடிபட்ட பேசில், ஜெர்மன் விருந்தினர்களிடம் போரைப் பற்றிப் பேசவே கூடாது என்று எல்லாரையும் எச்சரித்துவிட்டு, அவரே சாப்பாட்டு ஆர்டரைத் திருப்பிச் சொல்லும்போது இறால் உணவைக் கோயபல்ஸ் என்றும், ஊறுகாயிட்ட ஹெரிங் மீனை ஹெர்மன் கோரிங் என்றும், குளிர்ந்த இறைச்சி சாலடைக் கோல்டிட்ஸ் சாலட் என்றும் உளறிவிடுகிறார். முதலிரு பெயர்கள் ஹிட்லரின் கூட்டாளிகளுடையவை என்பது நமக்கும் தெரியும். ஹெரிங் என்ற மீனின் பெயர் ஹெர்மன் என்பதோடு ஒலியால் ஒட்டிக்கொள்வதையும் கேட்டால் உணரலாம். மூன்றாவதுதான் நம்மைத் தாண்டிப் போகும். கோல்டிட்ஸ் என்பது நேச நாட்டு அதிகாரிகளை ஜெர்மானியர் சிறைவைத்திருந்த கோட்டை. அதைப் பற்றிய நாடகத் தொடர் ஒன்று 1972 முதல் 1974 வரை பிபிசியில் ஓடியிருந்தது. போர் முடிந்து முப்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரங்கில் அமர்ந்திருந்தவர்களில் பலர் குண்டுவீச்சைக் கண்டவர்கள். ஒளிபரப்பான ஆண்டை முதலில் பாருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம். அந்த ஆண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அந்த நாட்டில் என்ன பேசப்பட்டது என்று மேலோட்டமாகப் பார்த்தாலே பல முடிச்சுகள் அவிழும்.

ஓர் உணவைப் பற்றிய நகைச்சுவை எவ்வளவு அடுக்குகள் கொண்டிருக்க முடியும் என்பதற்கு, ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் 1999ஆம் ஆண்டின் நன்றி நவிலல் நாள் அத்தியாயத்தைக் காட்டலாம். அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை வரும் அந்த நாளில் குடும்பத்தோடு விருந்துண்பது மரபு. ரேச்சல் ட்ரைஃபிள் என்னும் ஆங்கிலேய இனிப்பைச் செய்கிறாள். சமையல் புத்தகத்தின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதால், பாதியில் ஷெப்பர்ட்ஸ் பை என்னும் இறைச்சி உணவின் குறிப்புக்குத் தாவி, ஜாம், கஸ்டர்டு ஆகியவற்றின் நடுவே பட்டாணியும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய மாட்டிறைச்சியை அடுக்கிவிடுகிறாள். இனிப்பில் இறைச்சி எப்படி என்ற ஐயம் அவளுக்கே எழுகிறது. ஆனால் மின்ஸ்மீட் பை என்று ஓர் இனிப்பே ஆங்கிலேயரிடம் உண்டே, அவர்கள் உணவில் எதையும் போடுவார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள். மின்ஸ்மீட் என்ற பெயரில் இறைச்சியைக் குறிக்கும் சொல் இருந்தாலும், இன்று அதில் இருப்பது உலர்பழமும் மசாலாவும்தான். பழங்காலத்தில் உண்மையாகவே இறைச்சியும் சேர்த்தார்கள். ஆங்கிலேயர் உணவு விசித்திரமானது என்ற அமெரிக்கரின் பொது எண்ணம் இல்லாவிட்டால் ரேச்சலின் தவறு நம்பத்தகுந்ததாக இராது.

செய்தித்தாள்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் அரசியலைக் கேலிசெய்யும் ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ தொடரில் 1987இல் வந்த ஒரு காட்சியில், எந்தப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள் என்று பிரதமர் ஹாக்கர் அடுக்குகிறார். நாட்டை உண்மையில் ஆள்பவர்கள் ‘டைம்ஸ்’ படிக்கிறார்கள். தாங்கள்தான் ஆள வேண்டும் என்று எண்ணுபவர்கள் ‘கார்டியன்’. நாட்டுக்குச் சொந்தக்காரர்கள் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’. இந்த நாட்டை வேறொரு நாடு ஆள வேண்டும் என்று விரும்புபவர்கள் ‘மார்னிங் ஸ்டார்’. ஏற்கெனவே வேறொரு நாடுதான் ஆள்கிறது என்று நம்புபவர்கள் ‘டெய்லி டெலிகிராஃப்’. கடைசி இரண்டும் புரிய, ‘மார்னிங் ஸ்டார்’ 1930இல் பொதுவுடைமைக் கட்சியின் நாளேடாக வேறு பெயரில் தொடங்கப்பட்டது என்பதும், ‘டெலிகிராஃப்’ பழமைவாதிகளின் ஏடு என்பதும், அது பனிப்போர்க் காலம் என்பதும் தெரிய வேண்டும். இந்த ஒரு காட்சியை நன்றாகப் புரிந்துகொண்டு குறித்து வைத்தால், வேறு எந்த பிரிட்டிஷ் தொடரில் ஒருவர் கையில் ஒரு பத்திரிகையோடு தோன்றினாலும் அவர் எத்தகையவர் என்று வசனம் தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.

பட்டங்களும் அப்படியே. அதற்கு முன் வந்த, ஹாக்கர் அமைச்சராக இருக்கும் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரின் 1981ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் சி.எம்.ஜி. என்றால் ‘கால் மி காட்’, என்னைக் கடவுள் என்று அழை, கே.சி.எம்.ஜி. என்றால் ‘கைண்ட்லி கால் மி காட்’, தயவுசெய்து என்னைக் கடவுள் என்று அழை, ஜி.சி.எம்.ஜி. என்றால் ‘காட் கால்ஸ் மி காட்’, கடவுளே என்னைக் கடவுள் என்று அழைக்கிறார் என்று விளக்கம் வரும். இவை 1818இல் நிறுவப்பட்ட செயின்ட் மைக்கேல், செயின்ட் ஜார்ஜ் விருது வரிசையின் மூன்று படிகள். தூதரக அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுபவை. படி உயர உயர செருக்கும் உயர்வதை முதலெழுத்துகளே சொல்வதுதான் அழகு.

சொல்லுக்கும் கருத்துக்கும் இடையில்

‘யெஸ் மினிஸ்டர்’ தொடரின் உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. அமைச்சர் ஒரு முடிவை எடுக்கக் கூடாது என்று எண்ணும் செயலர் சர் ஹம்ஃப்ரி, அந்த முடிவைத் ‘துணிச்சலானது’ என்று பாராட்டுகிறார். உடனே அமைச்சரின் முகம் வெளிறுகிறது. சர்ச்சைக்குரியது என்றால் வாக்குகள் போகும், துணிச்சலானது என்றால் தேர்தலே போகும் என்பது அவர்கள் அலுவலகத்து அகராதி. பிரிட்டிஷ் மேல்தட்டுப் பேச்சில் பாராட்டு கண்டனமாகவும், ‘உரிய மரியாதையோடு சொல்கிறேன்’ என்பது மறுப்பாகவும், ‘மோசமில்லை’ என்பது உயர்ந்த புகழ்ச்சியாகவும் வருவது வழக்கம்.

தமிழ் படித்தவருக்கு இது புதிதன்று. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, பளபளவென்று இருப்பதை ஔவையார் புகழ்ந்ததும், அதியமானின் ஆயுதங்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னதும் நம் பள்ளிப் பாடம். அந்த வஞ்சப்புகழ்ச்சியைக் கேட்கும் காதோடு சர் ஹம்ஃப்ரியைக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதைவிட, அதைக் கேட்டவரின் முகம் எப்படி மாறியது என்பதைப் பாருங்கள். தொனியைப் பற்றிய ஐயம் எழும் எந்தக் காட்சியிலும், பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவர்மேல் கண் வைத்து இன்னொரு முறை பார்ப்பது நான் கண்ட மிகச் சிறந்த வழி.

விளையாட்டுச் சொற்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. பிரிட்டிஷ் தொடர்கள் கிரிக்கெட்டிலிருந்து எடுக்கின்றன. நமக்கு அது சொந்த வீடு. மழையில் நனைந்து வெயிலில் காயும் ஆடுகளத்தில் பந்து தாறுமாறாக எழும்பும் என்பதை அறிந்தவருக்கு ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்றால் இக்கட்டான நிலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்கத் தொடர்களுக்கு மட்டும் பேஸ்பால் விதிகளை ஒரு மாலை நேரம் செலவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷார் ‘கூக்ளி’ என்று சொல்லும் இடத்தில் அமெரிக்கர் ‘கர்வ்பால்’ என்பார்கள்.

ஒரு காட்சி முழுவதுமே மேற்கோளாக இருந்தால்

சில சமயம் எந்த ஒரு சொல்லிலும் முடிச்சு இராது. காட்சி முழுவதுமே வேறொன்றின் பகடியாக இருக்கும். இசை திடீரென்று மாறுவது, படத்தின் நிறம் மங்குவது, அற்பமான விஷயத்தைப் பற்றி ஒருவர் நீதிமன்றத்தில் வாதிடுவதுபோல் பேசுவது ஆகியவை இதன் அடையாளங்கள். அமெரிக்கத் தொடரான ‘சைன்ஃபெல்ட்’இல் 1992 பிப்ரவரியில் வந்த அத்தியாயத்தில், பேஸ்பால் வீரர் கீத் ஹெர்னாண்டஸ் தங்கள்மேல் எச்சில் துப்பிவிட்டதாக க்ரேமரும் நியூமனும் குற்றம் சாட்டுகிறார்கள். கதைநாயகன் ஜெரி எழுந்து, ஒரே எச்சில் இத்தனை இடங்களில் பட்டுத் திரும்பியிருக்க முடியாது, துப்பியவர் இன்னொருவரும் இருந்திருக்க வேண்டும் என்று உடல் அசைவுகளைக் காட்டி நிறுவுகிறான். 1963இல் ஜான் கென்னடி சுடப்பட்டபோது ஒரே குண்டு அத்தனை காயங்களையும் ஏற்படுத்தியிருக்க முடியுமா என்று எழுந்த வாதத்தையும், அதை நீதிமன்றக் காட்சியாகக் காட்டி 1991 டிசம்பரில் வெளிவந்த ‘ஜேஎஃப்கே’ திரைப்படத்தையும் இது அடியொற்றுகிறது. படம் வெளியாகி இரண்டே மாதம் ஆகியிருந்ததால், பார்த்தவர்களுக்கு எந்தக் குறிப்பும் தேவைப்படவில்லை. நியூமனாக நடித்த வெய்ன் நைட் அந்தத் திரைப்படத்திலும் நடித்தவர் என்பது இன்னும் ஓர் அடுக்கு. இத்தகைய இடத்தில் வசனத்தைத் தேடாமல், அத்தியாயத்தின் பெயரோடு ‘பாரடி’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். மூலக் காட்சி கிடைத்தால் அதை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கற்றதை நாமும் பேசத் தொடங்குமுன் அதன் பிறப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைக் குறிக்க அமெரிக்கத் தொடர்களில் ‘கூல்எய்ட் குடிப்பது’ என்று, ஓர் இனிப்புப் பானத்தின் பெயரை வைத்து எளிதாகச் சொல்கிறார்கள். 1978இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக்குழுவினர் நஞ்சு கலந்த பானத்தால் மாண்ட துயரத்திலிருந்து அது வந்தது. இறந்தவர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் குழந்தைகள் பலர். புரிந்துகொள்ள வேண்டிய தொடர் அது; அலுவலகத்தில் நாம் எடுத்தாள வேண்டிய தொடர் அன்று. ஜெர்மன் விருந்தினர் அத்தியாயத்தையே, அதில் முதிய மேஜர் ஒருவர் பேசும் இனவசைச் சொற்களுக்காக, 2020இல் ஒரு பிரிட்டிஷ் ஒளிபரப்புச் சேவை சில நாள்கள் விலக்கிவைத்து, பின் எச்சரிக்கையோடு மீண்டும் தந்தது.

இரண்டு மூன்று வழிகளில் முயன்றும் ஒரு வரி திறக்கவில்லையென்றால், அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு மேலே செல்லுங்கள். என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டுப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் பேசப்பட்ட வரி, வலப்பக்கம் அதைக் கேட்டவர்களுக்கு முன்பே தெரிந்திருந்த செய்தி. வலப்பக்கம் காலியாக விட்ட வரிகள் பலவற்றை மாதங்கள் கழித்து, முற்றிலும் வேறொரு தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிரப்பியிருக்கிறேன். ‘ரூபி’க்கு எதிரே ரூபி மரியின் பெயரை எழுதியதும் அப்படி ஓர் இரவில்தான்.